கறந்த பாலைத் திருப்பிக் கேட்கும் தம்பிக்கு

அரிசோனாவில் கள்ளிச்செடிகளுக்கு நடுவே அரைக்கால் சட்டையோடு திரியும் என் அன்புத் தம்பி லெனர்டுக்கு, விஸ்கான்சினில் வாசல் பனியை மூன்றாவது தடவை வாரித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்த உன் அக்கா பெர்னடின் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் சுகம். என் கோழிகள் பதினொன்றும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மார்லிஸின் இடுப்பில் வைத்த புது மூட்டு பொருந்திவிட்டதா என்று அறிய ஆவல். கோயிலில் பாதிரியார் உன்னை விசாரித்தார். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் இரண்டு பேருக்குக் கூடுதலாக மீன் கிடைக்கிறது என்றார். நான் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

உன் புத்தாண்டு வாழ்த்து அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. கள்ளிச்செடிக்குக் குல்லாய் மாட்டிய படம் அழகு. 'அன்பும் அமைதியும் பெருகட்டும்' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே உன் கோழிக்கிறுக்கலில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன், அன்பும் போயிற்று, அமைதியும் போயிற்று. மூன்று வருடத்துக்கு முன் நானும் உன் மகன் டுவேனும் செய்துகொண்ட பரிமாற்றம் டுவேனுக்கு அநியாயம் என்று இப்போது உனக்குத் தெரிய வந்திருக்கிறதாம், ஆகையால் நம் குடும்பப் பந்தாட்ட லீக்கின் தலைவர் என்ற முறையில் அதை மறுபடி ஓட்டுக்கு விடப்போகிறாயாம், ஓட்டு எனக்கு எதிராகப் போனால், அதில் எனக்கு வந்த ஆட்டக்காரன் ப்ரூஸாரை நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பால் கறக்க ஆள் போதவில்லை என்று அப்பா நிறுத்திவிட்டார், நீ மட்டும் மேலே படித்தாய். அதனால் எனக்கு எழுத்துப்பிழை வரும். ஞாபகப்பிழை வராது. போனில் சொன்னால் "சரியாக் கேக்கலைக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

இந்தக் கொட்டில் லீக்கை ஆரம்பித்தவன் நீ. விதி எழுதியவனும் நீ. உனக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது, ஆகையால் நினைவுபடுத்துகிறேன். குடும்பத்தில் பத்துப் பேர், ஆளுக்கொரு கொட்டில். கொட்டிலில் கட்டியிருப்பது மாடுகளை அல்ல, டிவியில் பந்தாடும் தடியன்களை, காகிதத்தில் பேர் எழுதி. ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே ஓடினால் இங்கே நமக்குப் புள்ளி, அவன் இடுப்பொடிந்து விழுந்தால் நமக்கும் ஒடிந்தது. மற்ற ஊர்களில் இந்த விளையாட்டை வருடா வருடம் கொட்டிலைக் காலி செய்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார்கள். நம்முடையது அப்படியில்லை. கட்டியவனைக் கட்டியபடியே வருடக்கணக்காக வைத்துக் காப்பாற்ற வேண்டும், கிழடானால் கிழடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யார் தலையிலாவது மாற்றிக் கட்ட வேண்டும். வசந்தத்தில் புதிதாக வரும் பிள்ளைகளை மட்டும் வரிசைப்படி எடுக்கலாம், போன பருவத்தில் கடைசியாக வந்தவர் வரிசையில் முதல் ஆள், அப்படி எடுக்கும் முறைக்குத் தேர்வு என்று பெயர். இன்னும் இரண்டு வருடம் கழித்து வரப்போகும் தேர்வைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம், சினைமாட்டின் வயிற்றில் இருக்கிற கன்றைப் பேசி முடிப்பது மாதிரி. ஜெயித்தவருக்கு அப்பாவின் பால் வாளி, தங்கநிறப் பெயிண்ட் அடித்தது. கடைசியில் வந்தவர் ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்தில் எருவண்டியில் ஏறி, காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் கையசைத்துப் போக வேண்டும். இதுவும் நீ எழுதிய விதிதான். எழுதும்போது உன்னைத் தவிர எல்லாரும் ஏறுவார்கள் என்று நினைத்திருப்பாய்.

அந்த அக்டோபரில் என் கொட்டிலில் டூலி இருந்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு பேரை முட்டிச் சாய்த்துவிட்டு ஓடுகிறவன். நாடே அவன் ஓட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. நான் அவன் எழுந்திருப்பதைப் பார்த்தேன். வயது இருபத்தொன்பது. விழுந்த பிறகு ஒரு மூச்சு நேரம் தரையிலேயே கிடந்துவிட்டுத்தான் எழுந்தான், அதற்கு முந்தைய வருடம் அப்படிக் கிடந்ததில்லை. ஐம்பத்தோரு வருடம் மாட்டைப் பார்த்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வாளி நிறையக் கறக்கும்போதே பசுவைக் கைமாற்றிவிட வேண்டும், மடி வற்றிய பிறகு எவன் வருவான்? டுவேனுக்கோ அந்த வருடமே வாளி வேண்டும். ஐம்பது வயதாகிறது, அவன் பெயர் ஒரு தடவைகூட வாளியில் ஏறியதில்லை. பால் அறையில் என்னை மடக்கினான்.

"அத்தை, டூலியை எனக்குக் குடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"ப்ரூஸாரைக் குடு."

"அவன் தோள்பட்டை ஒடைஞ்சு படுத்துக் கெடக்கானே அத்தை!"

"இருபத்திரண்டு வயசு எலும்புடா, கூடிக்கும். அதோட ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற உன் முதல் தேர்வையும் குடு."

"அதுவரைக்கும் யாரு இருக்கப்போறா!" என்று சிரித்தான். கையைத் தொடையில் துடைத்துவிட்டு நீட்டினான். நானும் நீட்டினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிந்தோம். இதைக் கவனமாகப் படி லெனர்ட்: இரண்டு பேரும்.

அப்போது நீ இன்னும் அரிசோனாவுக்கு ஓடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கீழ்த்தளத்தில் மீன் வறுவலின்போது கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்தாய். கல்யாண வாழ்த்துச் சொல்லப்போகிறாய் என்று பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். "எங்கக்காவை ஏமாத்திட்டாங்க. என் மகனாவே இருந்தாலும் நியாயம் நியாயம்தான்" என்று ஆரம்பித்தாய். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஓர் அட்டவணையை மேசைமேல் விரித்தாய், டூலிக்கு எழுபது, ப்ரூஸாருக்குப் பதினெட்டு, தேர்வுக்குப் பன்னிரண்டு, கூட்டினாலும் பெருக்கினாலும் அக்காவுக்கு நட்டம்.

"அந்த அட்டவணைக்கு மடி இருக்கா?" என்றேன்.

"என்னக்கா?"

"மடிடா, மடி. தடவிப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். உனக்குக் காது சிவந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் அதைச் சொன்னாய். வறுத்த மீன், முட்டைக்கோஸ் சாலட், அறுபது பேர், எல்லாருக்கும் நடுவில் சொன்னாய்: "எழுபத்து மூணு வயசுல, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற தேர்வு உனக்கு எதுக்குக்கா?"

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "உன் அடக்கத்துக்கு வர்றவங்களுக்கு ஹாம் சாண்ட்விச் செய்ய ஆள் வேணாமா? அதுக்காகவாவது இருப்பேன்டா" என்றேன்.

பிறகு ஓட்டு. பரிமாறிக்கொண்ட இரண்டு பேருக்கும் ஓட்டு கிடையாது, மிச்சம் எட்டுப் பேரில் ஐந்து கை எழுந்தால் ரத்து. நாலு கை எழுந்தது. நம் சித்தப்பா மகன் அம்புரோஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் என்னிடம் கேக் தட்டு வாங்கிப்போய் இன்றுவரை திருப்பித் தராதவன், இரண்டு கையையும் தூக்கினான். ஒன்றைத்தான் எண்ணினார்கள். மூன்று பேர் கை எழவில்லை. பாக்கி மார்லிஸ். நீ உன் பெண்டாட்டியைப் பார்த்தாய், அவள் மீன் முள்ளைப் பார்த்தாள். "அண்ணிக்குக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு, குடுக்கட்டுமே" என்றாள். நியாயத்துக்காகச் சொன்னாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்கு முந்தைய ஜூலையில் எருவண்டியில் ஏறியவள் அவள். அடுத்து யாராவது ஏற வேண்டும் என்று அவளுக்குத் தவம். எப்படியோ பரிமாற்றம் நின்றது. அவளுக்கு என் நன்றியைச் சொல், முழுசாக வேண்டாம், பாதி.

அவள் தவம் பலித்தது. டூலி இல்லாத கொட்டில் படுத்துவிட்டது, நான் கடைசி. டூலியைக் கட்டிய டுவேனுக்கு வாளி! அப்பாவின் வாளியில் அவன் பெயரை அவனே எழுதினான், நாக்கைத் துருத்திக்கொண்டு. நான் எருவண்டி ஏறினேன். "கழுவிட்டேன் அத்தை" என்றான், முன்பக்கம் மட்டும் கழுவியிருந்தான். ஜூலை வெயில் வேறு. நான் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கையுறை போட்டுக்கொண்டு, நேராக நின்று கையசைத்தேன். நீ அன்றைக்கு நாற்பத்திரண்டு போட்டோ எடுத்தாய், எடுத்ததை எல்லாருக்கும் அனுப்பினாய், பல் மருத்துவருக்குக்கூட. அடுத்த வருடமும் நானே கடைசி, மறுபடியும் ஏறினேன். ஒரு தடவை ஏறினால் தண்டனை, இரண்டாம் தடவை ஏறினால் பதவி. ஊர்ப் பிள்ளைகள் எருராணி என்று கூப்பிட்டார்கள், கடைக்காரர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். என் பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கும் வெட்கம். எனக்கு இல்லை. சினைமாடு ஈனுகிற வரைக்கும் தீவனம் போடுகிறவளுக்கு அவசரம் ஆகாது.

அந்த இரண்டாவது வருடத்தில் டூலியின் முழங்கால் போயிற்று. பந்துகூட கையில் இல்லை, சும்மா திரும்பினான், போயிற்று. டுவேனின் கொட்டில் சரிந்து கடைசிக்கு முந்தைய இடத்துக்கு வந்தது. ஆகவே அவன் எனக்குக் கொடுத்த தேர்வு வரிசையில் இரண்டாவது இடம், கடைசியாக வந்த எனக்குச் சொந்தமாக முதல் இடம், வசந்தத்தில் வரிசையின் தலையில் இரண்டையும் நான் எடுத்தேன். டுவேனின் தேர்வில் எடுத்தவன்தான் ஹான்லி, பந்தெறிகிறவன். ப்ரூஸாரின் தோளும் கூடிவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஊர் அணிக்காகவே ஆடும்படி ஆனது என் அதிர்ஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் மூன்றாம் இடம். இந்த வருடம் இறுதி ஆட்டம், எதிரில் நீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. நீ முன்னால் இருந்தாய், ஐந்தரைப் புள்ளி. ஆட்டம் முடிய இன்னும் பதினெட்டு நொடி. அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எறிந்தவன் டுவேனின் தேர்வில் வந்த ஹான்லி, பிடித்தவன் டுவேனின் கொட்டிலிலிருந்து வந்த ப்ரூஸார், அதுவும் ஒடிந்து கூடிய அதே தோளுக்கு மேலே கையைத் தூக்கி! எல்லைக் கோட்டைத் தாண்டினான். கணக்குப் போட்டால் நான் பத்தில் நாலு பங்கு புள்ளி முன்னால். நான் போட்ட சத்தத்தில் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை. தொத்திறைச்சி கருகிவிட்டது, அப்படியே தின்றேன், அவ்வளவு ருசி. அரிசோனாவிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாழ்த்து அட்டைதான் வந்தது, அதில் இந்தப் புது நியாயம்.

லெனர்ட், மூன்று வருடத்துக்கு முன் 'அக்காவுக்கு அநியாயம்' என்று கரண்டியால் டம்ளரைத் தட்டினாய். இப்போது 'டுவேனுக்கு அநியாயம்' என்கிறாய். அதே பரிமாற்றம்தானே! அதே டூலி, அதே ப்ரூஸார், அதே தேர்வு. ஒரே மாடு கிழக்கே நின்றால் காளை, மேற்கே நின்றால் கிடாரியா? பரிமாற்றத்தை எடைபோட வேண்டுமானால் கைகொடுத்த நாளில் நின்று எடைபோடு. அன்றைக்கு அவனுக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும், அவனுக்கு எது வேண்டும், எனக்கு எது வேண்டும், இரண்டு பேருக்கும் புத்தி தெளிவாக இருந்ததா, ஒருத்தர் கையை ஒருத்தர் முறுக்கினோமா. அவ்வளவுதான். பிறகு நடந்ததெல்லாம் மழை வெயில். டுவேனுக்கு அந்த வருடமே பால் வேண்டும், குடித்தான், வாளியில் பெயரும் எழுதினான். குடித்து ஏப்பம் விட்டவன் சார்பாக நீ பசுவைத் திருப்பிக் கேட்கிறாய். கறந்த பால் மடிக்குப் போகுமா? டுவேன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அழுகிறவன் நீதான். நீ தோற்றுவிட்டு அழுவது எனக்குப் புதிதும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. மார்ச். எனக்குப் பத்து வயது, உனக்கு எட்டு. அப்பா ஆளுக்கொரு கன்று கொடுத்தார். உன் கன்றுக்குக் கழிச்சல், தாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, நிற்கத் தெம்பில்லாமல் வைக்கோலில் கிடந்தது. என் கன்று அதற்கு முந்தைய வாரமே செத்துவிட்டது, உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. என்னிடம் கோயில் குலுக்கலில் விழுந்த சிவப்பு சைக்கிள் இருந்தது. நீதான் வந்து கேட்டாய். "பெர்னி, இது எப்படியும் செத்துப்போயிடும், இதை நீ வச்சுக்கோ, சைக்கிளைக் குடு." சொன்னது நீ! கைகொடுத்தோம், எச்சில் துப்பிக் கைகொடுத்தோம். அந்தக் கன்றுக்குப் பச்சை முட்டையைப் பாலில் அடித்துப் புனலால் புகட்டினேன், என் கோட்டைப் போர்த்தினேன், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து நடக்கப் பழக்கினேன். ஆகஸ்டில் கவுண்டிக் கண்காட்சியில் அதற்கு நீல ரிப்பன், முதல் பரிசு. நீ வீட்டு வாசற்படியில் உருண்டு அழுதாய். அப்பா வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். "சின்னப் பய, தெரியாமக் குடுத்துட்டான். விட்டுடும்மா" என்றார். கயிற்றை உன் கையில் கொடுத்தார். ரிப்பனையும் கொடுத்தார். எனக்கு சைக்கிள் திரும்பி வந்தது. அதற்குள் நீ தீவனக் கோபுரத்தில் மோதி முன்சக்கரம் முறுக்குப் பிஸ்கட் மாதிரி முறுகியிருந்தது. அப்பா நல்ல மனிதர், அவர் ஆத்மா சாந்தியடையட்டும், ஆனால் அன்றைக்கு அவர் செய்தது தப்பு. நீ இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே தப்பைச் செய்யப் பார்க்கிறாய். அன்றைக்கு எனக்குப் பத்து வயது, கயிற்றை விட்டேன். இன்றைக்கு விடமாட்டேன்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, ஓட்டு கிடையாது என்று பத்துப் பேருக்கும் எழுது. இரண்டு, ஒரு காகிதத்தில் உன் கையால், 'டூலி பரிமாற்றம் நியாயமானது, கன்று பரிமாற்றமும் நியாயமானது, கன்று பெர்னடினுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதுவரைக்கும் வாளி என் முன் ஜன்னலில் தெருவைப் பார்த்து இருக்கும், உள்ளே விளக்கு வைத்திருக்கிறேன். ப்ரூஸார் என் கொட்டிலை விட்டு அசையமாட்டான். இருபத்தைந்து வயது, இன்னும் ஆறு வருடம் கறக்கலாம். அவனுக்கு ஈடாக உலகத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். மனசு சொல்வதைக் கேட்டுக் கொட்டிலைக் கலைக்கிறவளா நான்?

உனக்கும் மார்லிஸுக்கும் தேவமாதாவின் துணை எப்போதும் இருக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, அப்பாவுக்கு வந்த மாதிரி மூக்குத் தோல் உரியும். முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைப் போடு. அம்புரோஸிடம் பேசினால் கேக் தட்டை ஞாபகப்படுத்து.

நாற்பத்திரண்டு போட்டோவையும் மறக்காத,
உன் அக்கா பெர்னடின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டுவேன் வந்தான், பூட்ஸ் பனியைக்கூடத் தட்டவில்லை. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு சட்டம். பால் அறைச் சுவரில் நீ மாட்டி வைத்திருந்தாயே, அந்த நீல ரிப்பன். "அத்தை, ப்ரூஸார், ஹான்லி, அடுத்த ரெண்டு வருஷத்து முதல் தேர்வு. எல்லாத்தையும் எனக்குக் குடுங்க, அதுக்கு ஈடா இது" என்றான். உன் பிள்ளை உன்னைவிடக் கெட்டிக்காரன். நான் பல்லைப் பார்க்கவில்லை, மடியைத் தடவவில்லை. என் கையைப் பார்த்தால், அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறது. அது உன் ரிப்பன் என்று ஆரம்பிக்காதே, பண்ணையை அவனுக்கு எழுதிவைத்தபோது 'சுவரில் உள்ளவை உட்பட' என்று நீயே எழுதினாய். அட்டவணையை எடுக்காதே, டம்ளரைத் தட்டாதே, ஓட்டுக்கு விடாதே. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் பிரிந்தோம். மேலே கேட்ட காகிதமும் வேண்டாம். ரிப்பனுக்குப் பின்னால் ஓர் அட்டை இருக்கிறது, கன்றுக்குச் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை. கண்காட்சிக்காரர் மையில் பெர்னடின் என்று எழுதியிருக்கிறார், நீ அதை அடித்துவிட்டுப் பென்சிலில் லெனர்ட் என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பென்சில் மங்கிவிட்டதடா. மை அப்படியே இருக்கிறது.

என் கொட்டிலில் இப்போது நல்ல ஆள் ஒருவனும் இல்லை. அதனால் அடுத்த வருடம் ஜூலை நாலாம் தேதி கட்டாயம் ஊருக்கு வா. எருவண்டியில் நான்தான் இருப்பேன், நெஞ்சில் ரிப்பன் குத்தியிருப்பேன். மறக்காமல் கேமரா கொண்டு வா.